180 நிமிடப் பரீட்சை

2015ஆம் ஆண்டின் கடைசி நாள். திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் எழுந்த கிரீன்ஃபீல்டு அரங்கில் தெற்காசியக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதிகள் நடந்தன. மிச்சமிருந்தவை நான்கு அணிகள்: இந்தியா, மாலத்தீவு, ஆப்கானிஸ்தான், இலங்கை. பூட்டான் இல்லை. லீக் சுற்றில் மூன்று ஆட்டம் ஆடி, மூன்றிலும் தோற்று, மூன்றிலும் மும்மூன்று கோல் வாங்கிக்கொண்டு அது ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

பூட்டான் தோற்றால் யாருக்கு என்ன ஆச்சரியம் என்பீர்கள். அதே ஆண்டு மார்ச் மாதத்துக்குப் போனால் ஆச்சரியம் அங்கே காத்திருக்கிறது. உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் முதல் படி ஒரு நாக் அவுட். சொந்த மண்ணில் ஓர் ஆட்டம், எதிராளியின் மண்ணில் ஓர் ஆட்டம். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்த்துத் தோற்றவரை அனுப்பிவிடுவார்கள். பூட்டானுக்கு எதிராக வந்த சீட்டு இலங்கை. அப்போது உலகத் தரவரிசையில் பூட்டான் 209வது இடத்தில், அதாவது கடைசியில் இருந்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அது கால் வைத்ததே அன்றுதான். மார்ச் 12 அன்று கொழும்பில் ஆட்டம் முடிய நெருங்கியபோது ஷெரிங் டோர்ஜி ஒரு கோல் அடித்தார், 1-0. ஐந்து நாள் கழித்துத் திம்புவில் செஞ்சோ கியெல்ட்ஷென் இரண்டு அடித்தார்; 2-1. இலங்கை வெளியே. பூட்டான் ஒரே தாவலில் 163வது இடத்துக்கு ஏறியது.

ஆக, மார்ச்சில் பூட்டானிடம் இரண்டு முறை தோற்ற இலங்கை டிசம்பரில் திருவனந்தபுரத்தில் அரையிறுதி ஆடுகிறது. இலங்கையை இரண்டு முறை வென்ற பூட்டானோ மூட்டை கட்டிவிட்டது. இவற்றில் எது நல்ல அணி? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நாக் அவுட் என்ற கருவியைக் கண்டுபிடித்தோம் என்று நம்புகிறோம். அந்தக் கருவி எவ்வளவு துல்லியமானது என்பதைப் பார்ப்போம்.

திருவனந்தபுரத்துக்கு இந்த மாதிரிக் கேள்வி புதிதல்ல. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா அங்கே ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். 1850களில் அதன் பொறுப்பில் இருந்த ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு காந்த ஊசியின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். திசைகாட்டி முள் வடக்கைக் காட்டும் என்றுதான் நமக்குத் தெரியும். அது நாள் முழுக்க மிகச் சிறிய அளவில் அங்குமிங்கும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை அளக்க ஒரு தடவை பார்த்தால் போதாது. கை நடுங்கும், வெயில் ஏறும், கருவி விரியும். ஆகவே மணிக்கு மணி பார்த்து எழுதினார்கள். கடலோர நகரத்தில் பார்த்தது போதாதென்று அகத்திய மலை உச்சியருகே இன்னொரு கூடம் போட்டு, அங்கேயும் பார்த்தார்கள். நம் தமிழ் முனிவர் இருப்பதாகச் சொல்லப்படும் பொதிகை உச்சிதான். உயரம் 1,868 மீட்டர். 1852 தொடங்கி 1869 வரையிலான அளவீடுகள் 1874இல் புத்தகமாக வந்தன. ஒரு சின்ன அசைவின் உண்மையைப் பிடிக்க அத்தனை ஆண்டுகள், அத்தனை வாசிப்புகள்.

நாக் அவுட் ஆட்டம் ஒரே ஒரு வாசிப்பு.

சொந்த மண், எதிர் மண் என்று இரண்டு ஆட்டம் வைத்தால் இரண்டு வாசிப்பு. கடல் மட்டத்தில் ஒன்று, மலையில் ஒன்று என்று பார்த்தால் கொழும்பும் திம்புவும் புரூனின் இரண்டு கூடங்களைப் போலத்தான். திம்பு 2,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். காற்று மெலிந்திருப்பதால் பந்துக்கு எதிர்ப்பு குறைந்து, தட்டிய பந்து நினைத்ததைவிட வேகமாகப் போகும். காற்றில் வளைவதும் குறையும். இதெல்லாம் சேர்ந்து வெளியூர்க்காரரை இரண்டாம் பாதியில் நாக்குத் தள்ள வைக்கும். 2007இல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று தடை போட்டுப் பார்த்தது. பொலிவியா முதலான மலைநாடுகள் கொதித்தெழ, அடுத்த ஆண்டே அதை நிறுத்தி வைத்தது.

ஆனால் மலையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டான் முதலில் ஜெயித்தது கொழும்பில், கடலுக்குப் பக்கத்தில். அப்படியானால் என்னதான் நடந்தது? இங்கேதான் கணக்கு உள்ளே வருகிறது.

காரியவட்டம் அரங்குக்கு வெளியே பெட்டிக்கடையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் "கால்பந்தில் எதுவும் நடக்கலாம்" என்பார். அந்த 'எதுவும்' எவ்வளவு என்பதைக் கணக்கிட முடியும். கோல் என்பது அரிதான சம்பவம். தொண்ணூறு நிமிடத்தில் இரு பக்கமும் சேர்ந்து இரண்டோ மூன்றோ விழுந்தால் அதிகம். அரிதாக, எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் வரும் சம்பவங்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. சிமியோன் பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணிதர், திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் எழுந்த அதே 1837இல் வெளியிட்ட புத்தகத்தில் அது வருகிறது. புத்தகத்தின் பொருள் கால்பந்து அல்ல. நீதிமன்றத் தீர்ப்புகள் எவ்வளவு தூரம் தவறலாம் என்பது. 1898இல் போர்ட்கீவிச் என்பவர் அதே சூத்திரத்தைப் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்தியது. குதிரை உதைக்குப் பொருந்திய சூத்திரம் மனித உதைக்கும் ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது.

ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 1.6 கோல் அடிக்கக்கூடியது, எதிரணி 1 கோல் அடிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். இது சின்ன வித்தியாசமல்ல. முதல் அணி அறுபது சதவீதம் மேலானது. பாய்சான் கணக்கில் போட்டால், நூறு ஆட்டத்தில் நல்ல அணி ஜெயிப்பது 51, சமனாவது 25, தோற்பது 24. நாக் அவுட்டில் சமன் செல்லாது. அந்த இருபத்தைந்தையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் நல்ல அணி அடுத்த சுற்றுக்குப் போவது நூற்றுக்கு 64. மிச்சம் 36 முறை மட்டமான அணி உள்ளே போகிறது! மூன்றில் ஒரு தடவைக்கு மேல் பரீட்சை தவறான மாணவனைத் தேர்ச்சி பெறச் செய்கிறது.

இதே கணக்கைக் கூடைப்பந்தில் போட்டுப் பாருங்கள். அதே விகிதம்தான்: 80 புள்ளிக்கு 50. அங்கே மட்டமான அணி ஜெயிப்பது இருநூறில் ஒரு தடவைகூடத் தேறாது. எண்ணிக்கை கூடக் கூட அதிர்ஷ்டம் அமுங்கிவிடும். கால்பந்தில் எண்ணிக்கை குறைவு. ஆகவே அதிர்ஷ்டம் தலை நிமிர்ந்து நிற்கிறது. இந்தியாவில் கிரிக்கெட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். காரியவட்டத்தின் இதே மைதானத்தில் 2017 நவம்பரில் இந்தியாவும் நியூசிலாந்தும் இருபது ஓவர் ஆட வந்தார்கள். மழை பெய்து எட்டு ஓவராகச் சுருங்கியது. இந்தியா ஆறு ரன்னில் தப்பியது. எட்டு ஓவருக்குப் பதில் ஐந்து நாள் ஆடியிருந்தால் அப்படி நூலிழையில் முடிவது அபூர்வம்.

சரி, ஒரு வாசிப்புக்குப் பதில் இரண்டு எடுத்தால்? சொந்த மண் ஒன்று, எதிர் மண் ஒன்று என்று 180 நிமிடம் ஆடவிட்டுக் கோல்களைக் கூட்டினால், முன்சொன்ன நல்ல அணி மேலே போவது 64இலிருந்து 70 ஆக உயரும். அவ்வளவுதான். ஆட்டத்தை இரட்டிப்பாக்கியும் தவறு 36இலிருந்து 30க்குத்தான் இறங்குகிறது. அளவீட்டில் இது பழைய விதி: பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் வாசிப்பை நான்கு மடங்காக்க வேண்டும். புரூன் ஏன் மலையேறியும் மணிக்கு மணி பார்க்கச் சொன்னார் என்பது இப்போது புரியும்.

சுற்றுகள் அடுக்கடுக்காக வந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. 32 அணிகள், ஐந்து சுற்று. வரும் எதிராளி ஒவ்வொருவரையும் 64 சதவீதம் வெல்லக்கூடிய ஓர் அணி, மற்ற அத்தனை பேரையும்விடத் தெளிவாகச் சிறந்த அணி, கோப்பையைத் தூக்குவது கிட்டத்தட்ட பத்தில் ஒரு முறைதான்.

இரண்டாம் இடத்தின் கதை அதைவிட மோசம். 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல், உண்மையில் ஆக்ஸ்போர்டு கணக்கு வாத்தியார் சார்லஸ் டாட்ஜ்சன், 1883இல் புல்தரை டென்னிஸ் போட்டிகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அதிர்ஷ்டமே இல்லை, நல்லவர் எப்போதும் ஜெயிப்பார் என்றே வைத்துக்கொண்டார். அப்படியும் 32 பேர் குலுக்கல் முறையில் மோதினால், இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31இல் 16தான் என்று காட்டினார். முதல்வரும் இவரும் ஒரே பாதியில் விழுந்துவிட்டால் இவர் பாதியிலேயே வெளியே. இவரைவிட மட்டமான ஒருவர் மறுபாதியிலிருந்து வந்து வெள்ளிப் பதக்கம் வாங்கிப் போவார். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்று வலுவான அணிகளைத் தனிச் சட்டியில் போட்டுக் குலுக்குகிறார்கள். மேலிடங்களை அது காப்பாற்றுகிறது. கீழே கிடப்பவர்களுக்கு அதனால் பெரிய நன்மை இல்லை.

இவ்வளவு பிழையுள்ள கருவியை ஏன் வைத்திருக்கிறோம்? மலிவு என்பதால். ஒரு நாக் அவுட்டில் எத்தனை ஆட்டம் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுச் சுற்றாகக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டவே வேண்டாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வெளியேறுகிறார். கடைசியில் ஒருவர் மிஞ்ச வேண்டும். ஆக, 46 அணி என்றால் 45 ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் ஒரு தடவை மோத வேண்டுமென்றால் 1,035 ஆட்டம். பொழியூரிலிருந்து நீரோடி, தூத்தூர் வரை கடற்கரை ஊர்களில் நடக்கும் போட்டிகளும், மலபாரின் எழுவர் பந்தாட்டமும் நாக் அவுட்டை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம். மைதானம் ஒன்று, நாட்கள் சில, வெள்ளிக்கோப்பை ஒன்று.

ஊர்ப் போட்டிக்கு அது சரி. உலகக் கோப்பையின் தகுதிச் சுற்றில் இந்த மலிவான கருவியை யார்மேல் வைக்கிறார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல். 2018 உலகக் கோப்பைக்கான ஆசியச் சுற்றில் 34 அணிகளுக்கு முதல் படி கிடையாது. நேரே எட்டு ஆட்ட லீக். கடைசி 12 அணிகளுக்கு மட்டும் 180 நிமிட நாக் அவுட். இந்தியாவும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. குவாஹாட்டியில் நேபாளத்தை 2-0 என்று வென்று, காட்மாண்டுவில் 0-0 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கரையேறியது. 2026 கோப்பைக்கான சுற்றில் 26 பேருக்கு விலக்கு, 20 பேருக்கு நாக் அவுட். வலுவானவர்களைத் துல்லியமான தராசில் நிறுத்துகிறார்கள், எளியவர்களுக்குக் கைநிறுவை. அதுவும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை.

கைநிறுவை எப்படியெல்லாம் சாயும் என்பதற்கு இலங்கையைவிட நல்ல சாட்சி இல்லை. 2015இல் திம்பு ஆட்டத்தில் 1-1 என்று நின்றபோது இலங்கை இன்னும் ஒரு கோல் அடித்திருந்தால், எதிர் மண்ணில் அடித்த கோலுக்கு மதிப்பு கூடுதல் என்ற அன்றைய விதிப்படி இலங்கைதான் மேலே போயிருக்கும். செஞ்சோவின் இரண்டாவது கோல் வந்தது கடைசி நேரத்தில். 2019இல் எதிராளி மக்காவு. முதல் ஆட்டத்தில் இலங்கை 0-1 என்று தோற்றது. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் கொழும்புக்கு வர மக்காவுக் கால்பந்துச் சங்கம் மறுத்துவிட்டது. வராத அணிக்கு 0-3 தோல்வி என்று ஃபிஃபா தீர்ப்புச் சொல்ல, பந்தைத் தொடாமலே இலங்கை அடுத்த சுற்றுக்குப் போனது. மக்காவு வீரர்கள் அடித்த அந்த ஒரு கோல் காற்றோடு போனது. 2023இல் ஃபிஃபா இலங்கையையே இடைநீக்கம் செய்தது. ஆகஸ்டில் தடை நீங்கி, அக்டோபரில் ஏமனோடு மோதி 0-3, 1-1 என்று வெளியேறியது. மூன்று சுற்று, மூன்று முடிவு; மூன்றையும் வைத்து அந்த அணியின் தரத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதத் துணியமாட்டேன்.

180 நிமிடமும் சமனாகவே முடிந்தால் என்ன செய்வது? ஒரு காலத்தில் நாணயம் சுண்டினார்கள். 1968 ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் இத்தாலி சோவியத் யூனியனை வென்றது நாணயத்தால்தான். 1970இல் பெனால்டி ஷூட் அவுட் வந்தது. இதை லாட்டரி என்று வைவது வழக்கம். அரசே லாட்டரி நடத்தும் மாநிலத்தின் தலைநகரிலிருந்து பார்த்தால் இந்த ஒப்பீடு சரியில்லை. லாட்டரியில் உதைக்கத் தெரிய வேண்டியதில்லை. பதினொரு மீட்டர் தூரம். பந்து மணிக்கு நூறு கிலோமீட்டரில் வந்தால் 0.4 நொடியில் கோட்டைக் கடக்கும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசையவே அதில் பாதி போய்விடும். மிச்சம் 0.2 நொடியில் கம்பத்தின் ஓரம் வரை, 3.66 மீட்டர் பறக்க வேண்டும். முடியாது. ஆகவே கோல்கீப்பர் பந்தைப் பார்ப்பதில்லை. ஓடி வருபவரின் இடுப்பையும் ஊன்றும் காலையும் படிக்கிறார். 2023 ஜூலையில் பெங்களூரில் இந்தியாவும் குவைத்தும் மோதிய தெற்காசிய இறுதி ஆட்டம் 1-1 என்று முடிந்து, ஐந்து ஐந்து உதைகளும் தீர்ந்து, ஆறாவதில் குவைத் அணித் தலைவரின் பந்தை இந்தியக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் லாலியன்சுவாலா சாங்தே. எட்டு ஆண்டுக்கு முன் காரியவட்டத்தில் நேபாளத்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்து அறிமுகமான அதே பையன்.

ஷூட் அவுட்டில் உண்மையான லாட்டரி வேறோர் இடத்தில் இருக்கலாம்: யார் முதலில் உதைப்பது என்பதில். முதலில் உதைக்கும் அணி நூற்றுக்கு அறுபது முறை ஜெயிக்கிறது என்று 2010இல் ஸ்பெயினின் பொருளியலாளர்கள் இருவர் எழுதினார்கள். பின்தங்கி உதைப்பவருக்கு மனஅழுத்தம் அதிகமாம். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது. ஆனால் அந்தக் குறைக்குச் சொல்லப்பட்ட மருந்து அழகானது. கடற்கரையில் இரண்டு அண்ணன் தம்பிகள் பிடித்த மீனை ஒவ்வொன்றாக எடுத்துப் பங்கு போடுவதாக நினையுங்கள். அண்ணன், தம்பி, அண்ணன், தம்பி என்று எடுத்தால் ஒவ்வொரு தடவையும் அண்ணனுக்கே பெரிய மீன். அண்ணன், தம்பி, தம்பி, அண்ணன் என்று எடுத்தால் ஓரளவு நேராகும். அதற்கும் நேராக வேண்டுமானால் அடுத்த நான்கை அப்படியே தலைகீழாக்க வேண்டும்: தம்பி, அண்ணன், அண்ணன், தம்பி. இப்படி முடிவில்லாமல் போகும் வரிசையைக் கணிதர்கள் தூ-மோர்ஸ் தொடர் என்கிறார்கள். 2017இல் கால்பந்து விதிக்குழு இதன் முதல் படியை, அண்ணன், தம்பி, தம்பி, அண்ணன் என்ற முறையை, சில போட்டிகளில் சோதித்தது. பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்று மறு ஆண்டே கைவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நேரும் நிரையும் அடுக்கி வெண்பா கட்டிய நமக்கு அந்த வரிசை புரியாமலா போயிருக்கும்?

காரியவட்டத்துக்குத் திரும்புவோம். அரையிறுதியில் ஆப்கானிஸ்தான் இலங்கையை 5-0 என்று நொறுக்கியது. இந்தியா மாலத்தீவை 3-2 என்று தட்டுத்தடுமாறித் தாண்டியது. 2016 ஜனவரி 3 அன்று இறுதி. நடப்புச் சாம்பியன் ஆப்கானிஸ்தான் 70வது நிமிடத்தில் முந்தியது; இரண்டே நிமிடத்தில் இந்தியாவின் ஜேஜே சமன் செய்தார்; கூடுதல் நேரத்தில், 101வது நிமிடத்தில் சுனில் சேத்ரி அடித்த கோல் கோப்பையைத் தந்தது. அரங்கமே எழுந்து ஆடியது. அந்தக் கோப்பையால் இந்தியா ஆப்கானிஸ்தானைவிட மேலான அணி என்று நிரூபணமாகிவிட்டதா? 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் இருவரும் மோதினார்கள். சேத்ரிக்கு அது 150வது சர்வதேச ஆட்டம், கோலும் அடித்தார். ஆப்கானிஸ்தான் 2-1 என்று ஜெயித்தது.

இலங்கைக்கும் ஒரு நாள் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தது. 2024 செப்டம்பரில், ஆசியக் கோப்பைத் தகுதிக்கான நாக் அவுட்டில் கம்போடியாவோடு மோதி, இரண்டு ஆட்டமும் சமனாகி, ப்னோம் பென்னில் பெனால்டி ஷூட் அவுட்டில் ஜெயித்தது. அதற்குக் கிடைத்த பரிசு ஆறு லீக் ஆட்டங்கள்: 180 நிமிடத்துக்குப் பதில் 540. 2025 ஜூன் 10 அன்று கொழும்பில், அந்த ஆறில் ஒன்றில், சீன தைபேயை இலங்கை 3-1 என்று வென்றது.